மேடை வளர்த்த வேடங்கள்

தி. க. சண்முகம் என்னும் பெயரின் முதலெழுத்து எவ்வூரைக் குறிக்கிறது என்று நம் இளைஞர்களைக் கேட்டால், திருநெல்வேலி என்றே பலரும் கூறக்கூடும். அது நாம் பிழைக்க வந்த இத்திருவனந்தபுரந்தான்!

சண்முகம் 1912இல் இங்கே பிறந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடத்தில் பெயர் பெற்ற நடிகர். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் தமையன்மாருடன் சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி, அச்சிறுவனை அபிமன்யுவாக மேடையேற்றியது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. 1925இல் சகோதரர்கள் தம் சொந்த சபையைத் தொடங்கியதும் இந்நகரிலேயே. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அச்சபையில் வளர்ந்தவர். 1935இல் ‘மேனகா’ படத்தின் வாயிலாக அவர்களுடன் திரைக்கு வந்தார்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வயது ஆடவரான சண்முகம், கூன் விழுந்த ஔவைக் கிழவியாக மேடையில் தோன்றினார். அவ்வேடமே அடைமொழியாகி, ‘ஔவை’ சண்முகம் என்று நாடு அவரை அழைத்தது. ஆனால் 1953இல் ஜெமினியார் ‘ஔவையார்’ படம் எடுத்தபோது கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் ஔவையானார். அம்மையாரின் குரலுக்கு ஈடேது? குறை கூறுவதற்கில்லை. இளையவர் பகவதிக்கும் இதே கதைதான். அரு. ராமநாதன் எழுதிய ‘இராஜராஜ சோழன்’ நாடகத்தில் 1955 முதல் அவரே சோழ வேந்தர். அது 1973இல் படமானபோது முடி சிவாஜி கணேசனுக்குச் சென்றது. இயக்கியவர் ஏ. பி. நாகராஜன், இச்சகோதரர்களின் நாடகக் குழுவிலே நடித்துத் தேறியவர்! பெரும் பொருள் முடக்குவோர் பெரிய நட்சத்திரத்தைத் தேடுவது இயல்பே. எனினும் மனம் ஒப்பவில்லை. மேடை நடிப்போ, திரை விழுந்ததும் மறைந்துபோவது; பார்த்தவர் நினைவோடு அதுவும் போய்விடும்.

நல்லவேளையாகச் சில வேடங்கள் படச்சுருளில் தங்கின. ‘கப்பலோட்டிய தமிழ’னில் (1961) சுப்பிரமணிய சிவாவாக வருபவர் சண்முகம். சிறையிலே தொழுநோய்க்கு ஆளான அத்தியாகியின் சீற்றத்தையும் நலிவையும் அவர் காட்டும் திறத்தைப் பாருங்கள். கதாநாயகர் சிவாஜியே எதிரில் நின்றாலும், நம் கண்கள் சண்முகத்தை விட்டு அகலா.

‘சம்பூர்ண ராமாயண’த்தில் (1958) பகவதியின் இராவணன் இன்னும் ஒரு படி மேல் என்பது என் கருத்து. உருட்டு விழியும் அட்டகாசச் சிரிப்புமாக அரக்கனைக் காட்டுவது எளிது. பகவதியோ வீணை வல்ல மன்னனாக, இசையறிவின் பெருமிதம் முகத்தில் துலங்க வீற்றிருக்கிறார். பாடும் குரல் சி. எஸ். ஜெயராமனுடையது என்பதையே நாம் மறந்துவிடுகிறோம்.

சண்முகம் 1973இல் காலமானார். அவர் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ பாலர் சபைப் பருவத்திலிருந்து தொடங்கி விரிவாகப் பேசும் நூல். பள்ளியிலே மலையாளம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் நாள்தோறும் ஓரிரு பக்கம் படித்துக் காட்டலாம். நடை அத்துணை எளிது.