பாலைவனப் பூங்காவில் எங்கே தங்குவது? ஸ்ப்ரெட்ஷீட் சொல்லும் பதில்

அமெரிக்காவில் ஆன்சைட் வேலையில் இருக்கும் நம்மவர்கள் பலரும், அப்பா அம்மா ஊரிலிருந்து வந்ததும் ஒரு நீண்ட வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன். 2024 செப்டம்பர் முதல் வாரம், லேபர் டே விடுமுறை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்து டெத் வேலி தேசியப் பூங்காவுக்குப் பயணம். தங்கும் இடத்தை ஒரு புக்கிங் இணையதளத்தில் பத்தே நிமிடத்தில் தேர்ந்தெடுத்தேன். பூங்காவின் பெயரை டைப் செய்து, 'தூரப்படி வரிசைப்படுத்து' என்பதை க்ளிக் செய்து, விலை குறைவாக இருந்த அறையை எடுத்தேன். 'பூங்காவுக்கு மிக அருகில்' என்று அதில் எழுதியிருந்தது.

அந்த அறை லோன் பைன் என்ற ஊரில் இருந்தது. அழகான ஊர், அறையிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாங்கள் பார்க்க நினைத்த இடங்களெல்லாம் ஃபர்னஸ் க்ரீக்கைச் சுற்றி இருந்தன. லோன் பைனிலிருந்து ஃபர்னஸ் க்ரீக் சாலை வழியாகச் சுமார் 105 மைல், அதாவது கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். இடையில் 4,956 அடி உயரமுள்ள டவுன் பாஸ் என்ற கணவாயை ஏறி இறங்க வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்.

காலையில் இட்லி இல்லாவிட்டாலும் காபி குடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பிய நாங்கள், பேட்வாட்டர் என்ற உப்புப் படுகையில் காரை நிறுத்தியபோது மணி பன்னிரண்டரை. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே உள்ள இடம் அது. வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்வான நிலம். காரின் திரை 115 டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டியது. செல்சியஸில் 46. "வெயில் நமக்கென்னப்பா புதுசா?" என்று அப்பா இறங்கி நடந்தார். அவர் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர். இருபது நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். வியர்வை வந்தது தெரியாமலேயே காய்ந்துவிடும் காற்று அது. நாகர்கோவில் வெயிலில் சட்டை நனைந்து நம்மை எச்சரிக்கும். இங்கே அந்த எச்சரிக்கையும் கிடையாது.

கண்ணாடிக்கு அருகில் பொருத்தியிருந்த என் போன், சூடு தாங்காமல் எச்சரிக்கை காட்டி மேப்பை நிறுத்திவிட்டது. அம்மாவின் போனில் சிக்னல் இல்லை. நல்லவேளையாக வந்த வழி ஒரே சாலை. ஃபர்னஸ் க்ரீக் விசிட்டர் சென்டருக்குத் திரும்பி, ஏசியில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அப்பா தெளிந்தார். அதன் பிறகும் அறைக்குப் போக 105 மைல் பாக்கி இருந்தது. டவுன் பாஸ் ஏற்றத்தில், இன்ஜின் சூடேறாமல் இருக்க ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகள் வரும். பின் சீட்டில் அப்பா கண்ணை மூடிப் படுத்திருக்க, ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தபோது, 'தூரப்படி வரிசைப்படுத்து' என்று நான் செய்த அந்த ஒரு க்ளிக்தான் நினைவுக்கு வந்தது.

'அருகில்' என்றால் எதற்கு அருகில்?

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், இது போன்ற தூரக் கணக்கை நானே என் வேலையில் எழுதியிருக்கிறேன். நூற்றுக்கணக்கான ஹோட்டல்களுக்கு ஒரே நொடியில் சாலைத் தூரம் கணக்கிடுவது கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் கனமான வேலை. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வைத்து நேர்க்கோட்டுத் தூரம் கணக்கிடுவது மிக எளிது. அதனால் பல தளங்கள் பட்டியலில் நேர்க்கோட்டுத் தூரத்தையே காட்டுகின்றன. லோன் பைனுக்கும் ஃபர்னஸ் க்ரீக்குக்கும் நேர்க்கோட்டில் சுமார் 66 மைல்தான். காகம் பறக்கலாம், கார் பறக்காது. நடுவில் மலைத்தொடர்கள்.

இரண்டாவது சிக்கல், பூங்கா என்பது ஒரு புள்ளி அல்ல. டெத் வேலியின் பரப்பு 13,600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல எட்டு மடங்கு. பூங்காவின் எல்லைக்கு அருகில் இருப்பதும், நீங்கள் பார்க்கப் போகும் இடத்துக்கு அருகில் இருப்பதும் வேறு வேறு.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பாலைவனத்தில் தங்கும் இடம் என்பது வெறும் படுக்கை அல்ல. நீங்கள் எந்த நேரத்தில் வெயிலில் நிற்பீர்கள் என்பதை முடிவு செய்வதே அதுதான். கோடையில் தாழ்வான இடங்களில் காலை 10 மணிக்குப் பிறகு நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. அருகில் தங்கியவர் சூரிய உதயத்தில் போய்ப் பார்த்துவிட்டு, வெயில் ஏறும்போது அறைக்குத் திரும்பிவிடுவார். இரண்டு மணி நேரம் தள்ளித் தங்கியவர் சரியாக உச்சி வெயிலில் வந்து இறங்குவார். நாங்கள் இறங்கியது போல.

ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறக்கவும்

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எதுவானாலும் சரி. வரிசைக்கு ஓர் ஊர் என்று தங்கக்கூடிய இடங்களை எழுதவும். டெத் வேலிக்கு என் பட்டியல் இது: பூங்காவுக்குள் ஃபர்னஸ் க்ரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பனமின்ட் ஸ்பிரிங்ஸ். வெளியே நெவாடா மாநிலத்தில் பியாட்டி, பஹ்ரம்ப். மேற்கே லோன் பைன். இனி ஒவ்வொரு நெடுவரிசையாகப் பார்ப்போம்.

முதல் நெடுவரிசை, சாலை நேரம். 'டெத் வேலி' என்று தேடாமல், நீங்கள் கட்டாயம் பார்க்க விரும்பும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளவும். எனக்கு அவை ஜாப்ரிஸ்கி பாயின்ட், பேட்வாட்டர், மெஸ்கிட் ஃப்ளாட் மணல் மேடுகள். கூகுள் மேப்ஸில் ஒவ்வோர் ஊரிலிருந்தும் இந்த மூன்றுக்கும் கார் வழியைக் கேட்டு, நிமிடங்களை எழுதவும். ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து ஜாப்ரிஸ்கி பத்து நிமிடம், பேட்வாட்டர் அரை மணி. மணல் மேடுகளோ ஸ்டவ்பைப் வெல்ஸை ஒட்டியே இருக்கின்றன. பியாட்டியிலிருந்து ஃபர்னஸ் க்ரீக் சுமார் 40 மைல், பஹ்ரம்ப்பிலிருந்து சுமார் 60 மைல். மூன்று நேரங்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வைத்து வரிசைப்படுத்தவும். புக்கிங் தளத்தின் வரிசை தலைகீழாக மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இரண்டாவது நெடுவரிசை, உயரம். கூகுள் எர்த்தில் மவுஸை ஓரிடத்தில் வைத்தால் அதன் உயரம் திரையின் கீழே தெரியும். ஃபர்னஸ் க்ரீக் கடல் மட்டத்துக்கு 190 அடி கீழே இருக்கிறது. ஸ்டவ்பைப் வெல்ஸ் ஏறக்குறைய கடல் மட்டம். பனமின்ட் ஸ்பிரிங்ஸ் சுமார் 1,900 அடி, பியாட்டி 3,300 அடி, லோன் பைன் 3,700 அடி. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். அதனால் அடுத்த நெடுவரிசையில், ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து உள்ள உயர வித்தியாசத்தை ஆயிரத்தால் வகுத்து 4ஆல் பெருக்கும் ஃபார்முலாவைப் போடவும். பியாட்டிக்கு 14 டிகிரி குறைவு என்று வரும். கூடாரம் அடித்துத் தங்க நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். கூடாரத்தில் ஏசி கிடையாது. 4,100 அடியில் உள்ள வைல்ட்ரோஸ் முகாமிடத்துக்கும் ஃபர்னஸ் க்ரீக் முகாமிடத்துக்கும் வித்தியாசம் 17 டிகிரி.

மூன்றாவது நெடுவரிசை, இரவு வெப்பம். பகல் வெப்பத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். இரவில் உடம்பு ஆறுமா என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஃபர்னஸ் க்ரீக்கில்தான் 1913 ஜூலை 10 அன்று 134 டிகிரி (56.7 செல்சியஸ்) பதிவாகி, உலக சாதனையாகப் பதிவேட்டில் இருக்கிறது. 2024 ஜூலையில் அங்கே இரவு பகல் சேர்த்து மாதச் சராசரியே 108.5 டிகிரி (42.5 செல்சியஸ்). அந்த இடத்தில் பதிவான மாதங்களிலேயே அதுதான் மிக வெப்பமானது. போனில் ஊர் பெயரைப் போட்டுப் பார்க்கும் வானிலையைவிட, அமெரிக்க நேஷனல் வெதர் சர்வீஸின் தளம் நல்லது. அதன் வரைபடத்தில் ஓரிடத்தை க்ளிக் செய்தால், அந்தப் புள்ளிக்கான முன்னறிவிப்பும் அதன் உயரமும் கிடைக்கும். இலவசம்.

நான்காவது நெடுவரிசையில் 'உண்டு', 'இல்லை' மட்டும் போதும்: பெட்ரோல், சாப்பாடு, போன் சிக்னல், ஏசி. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைப்பது ஃபர்னஸ் க்ரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பனமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே. பூங்காவின் பெரும்பகுதியில் போன் சிக்னல் கிடையாது.

கடைசி நெடுவரிசை, உண்மையான செலவு. அறை வாடகையோடு தினமும் போய்வரும் மைல்களுக்கான பெட்ரோலையும் சேர்க்கவும். லோன் பைனிலிருந்து ஒரு நாளுக்கு 210 மைல். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தில் ஒரு பகுதி பெட்ரோலாகப் போயிருந்தது. நான்கு மணி நேரம் போனதற்குக் கணக்கே இல்லை.

மழையையும் கணக்கில் சேர்க்கவும்

பாலைவனத்தில் மழையா என்று கேட்க வேண்டாம். கெட்டியான தரை தண்ணீரை உறிஞ்சாது. மலையில் பெய்தது சாலையில் வெள்ளமாக வரும். 2022 ஆகஸ்ட் 5 அன்று ஃபர்னஸ் க்ரீக்கில் 1.46 அங்குல மழை பெய்து, சுமார் ஆயிரம் பேர் வெளியேற முடியாமல் சிக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்டியது. ஏறக்குறைய ஓராண்டு மழை அது. பூங்கா அக்டோபர் 15 வரை மூடிக் கிடந்தது. ஆகவே பணம் திரும்பக் கிடைக்கும் புக்கிங்கையே எடுக்கவும். கிளம்புவதற்கு முந்தைய நாள், பூங்காவின் இணையதளத்தில் எந்தச் சாலை, எந்த விடுதி திறந்திருக்கிறது என்று கட்டாயம் பார்க்கவும்.

போனை மட்டும் நம்ப வேண்டாம்

பல போன்கள் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலுக்கே வடிவமைக்கப்பட்டவை. கோடையில் நிறுத்திய காருக்குள் அதைவிட மிக அதிகமாகச் சுடும். கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை வீட்டு வைஃபையிலேயே ஆஃப்லைன் மேப்பாக இறக்கிக்கொள்ளவும். போனைக் கண்ணாடிக்கு அருகில் வைக்காமல் ஏசி காற்று படும் இடத்தில் வைக்கவும். தங்கும் இடத்தின் முகவரியையும் வழியையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளவும். இது பழைய கால யோசனை அல்ல. ஜிபிஎஸ் காட்டிய குறுக்கு வழியில் போய்ச் சிக்கி இந்தப் பள்ளத்தாக்கில் உயிரிழந்தவர்கள் உண்டு. 2009இல் ஒரு குழந்தையும் அப்படி இறந்தது. 'ஜிபிஎஸ்ஸால் மரணம்' என்றே இங்குள்ள ரேஞ்சர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கச் சொல்லும் எந்த வழியையும் குடும்பத்தோடு போகும்போது ஏற்க வேண்டாம்.

ஷீட் சொன்ன பதில்

அப்பா அம்மா டிசம்பரில் ஊர் திரும்ப வேண்டும். நவம்பர் நடுவில் மறுபடியும் போகலாமா என்று தயங்கிக்கொண்டே கேட்டேன். "இந்தத் தடவையாவது பக்கத்துல ரூம் போடுப்பா" என்றார் அப்பா. நவம்பரில் பகல் வெப்பம் இதமாக இருப்பதால் உயரத்துக்குக் குறைந்த மதிப்பும், சாலை நேரத்துக்கு அதிக மதிப்பும் கொடுத்தேன். ஃபர்னஸ் க்ரீக் முதலில் வந்தது. வாடகை அதிகம்தான். மூன்று இரவை இரண்டாகக் குறைத்துக்கொண்டேன். அப்பாவின் மாத்திரை பற்றியும் டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டோம்.

அதே ஷீட்டில் மாதத்தைச் செப்டம்பர் என்று மாற்றிப் பார்த்தால், பியாட்டியில் தங்கி விடியற்காலையில் மட்டும் கீழே இறங்கு என்கிறது. ஜூலை என்று மாற்றினால் வயதானவர்களை அழைத்துப் போகாதே என்கிறது. ஆக, 'டெத் வேலியில் தங்கச் சிறந்த இடம் எது?' என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. எந்த மாதம், யாரோடு, எந்த மூன்று இடங்கள் என்று கேட்டால்தான் பதில் வரும். ராஜஸ்தானின் பாலைவனப் பூங்காவுக்குப் போனாலும் இதே நெடுவரிசைகள்தான், ஊர் பெயர்கள் மட்டும் மாறும்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு ஜாப்ரிஸ்கி பாயின்ட்டில் அம்மா ஸ்வெட்டரோடு நின்றார். அப்பா தாமாகவே மேட்டின் மேலே வரை நடந்து போனார். எதிர் மலையில் வெயில் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பி டிபன் சாப்பிட்டோம். அன்று நான் ஓட்டியது மொத்தம் பத்து மைல்.