16 டிகிரி முதுகுக்கு உடற்பயிற்சி போதுமா?

காஞ்சிபுரத்தில் உறவுக்காரக் குடும்பம் ஒன்று. வீட்டில் 12 வயசுப் பெண். பட்டுப்பாவாடைக்கு அளவெடுத்த டெய்லர்தான் முதலில் கவனித்திருக்கிறார்: "எப்படித் தைச்சாலும் ஒரு பக்கம் ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குதும்மா." எக்ஸ்-ரே எடுத்ததில் முதுகெலும்பில் 16 டிகிரி பக்கவாட்டு வளைவு. ஒருத்தர் "வளர்ந்தா தானா சரியாயிடும், விடுங்க" என்றார். இன்னொருத்தர் பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பயிற்சி பேக்கேஜை நீட்டினார். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த எக்சர்சைஸ் பண்ணலாமா, வேணாமா?"

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர்காரன். ஆனால் ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உண்டு. படித்ததில் தேறியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நம்ம ஊரில் முதுகு வளைந்திருந்தாலே "கூன்" என்று சொல்லிவிடுவோம். கூன் பாண்டியன் கதையில் வருவது முன்பக்கமாகக் குனிந்த முதுகு. ஸ்கோலியோசிஸ் வேறு. இதில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது, கூடவே தன் அச்சில் முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கோடு விலா எலும்புகளும் திரும்புவதால்தான், குழந்தை குனியும்போது ஒரு பக்க முதுகு மேடாகத் தெரிகிறது. இன்னொரு விஷயமும் இருக்கு. கைலாசநாதர் கோயில் சிற்பங்களில் ஒரு காலில் எடை போட்டு, இடுப்பை ஒடித்து நிற்கும் உருவங்களைப் பார்த்திருப்பீர்கள். நாமும் அப்படி நின்றால் முதுகு வளையும்; நேராக நின்றால் வளைவு போய்விடும். ஸ்கோலியோசிஸ் அப்படிப் போகாது. "நேரா நில்லுடி" என்று ஆயிரம் தடவை அதட்டினாலும் நேராகாது. அந்தப் பெண் சோம்பலில் வளைந்து நிற்கவில்லை. எலும்பே அப்படித் திரும்பியிருக்கிறது.

வளைவை அளக்க 1948-ல் ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் விளக்கிய முறைதான் இன்றும் நடைமுறை. நின்றபடி எடுத்த எக்ஸ்-ரேயில், வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்புகளை ஒட்டிக் கோடு போட்டு, இடைப்பட்ட கோணத்தை அளக்கிறார்கள். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வதில்லை. 10-லிருந்து சுமார் 20, 25 வரை லேசானது. பதின்ம வயதுப் பிள்ளைகளில் 2, 3 சதவீதம் பேருக்கு 10 டிகிரிக்கு மேல் இருக்கிறது. பெரும்பாலும் காரணம் தெரியாத வகை. லேசான வளைவு ஆண், பெண் இருவருக்கும் ஏறக்குறைய சமமாக வருகிறது. ஆனால் வளைவு ஏறிக்கொண்டே போவது பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம்.

"ஸ்கூல் பையாலதான் வந்தது" என்று ஒரு பேச்சு. நெசவாளர் வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: "சின்ன வயசுல தறியில உக்கார வெச்சோமே, அதனாலயோ?" குழித்தறியில் நாள் முழுக்க முன்னால் குனிந்து வேலை செய்தால் முதுகு வலி வரும், அது நிஜம். குழந்தையைத் தறியில் உட்கார வைக்கக்கூடாது என்பதற்கு வேறு நல்ல காரணங்கள் ஏராளம். ஆனால் இந்த வளைவைப் பையோ தறியோ உண்டாக்குவதாக ஆதாரம் இல்லை. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. அந்த அம்மா தன்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்தலாம்.

சரி, விடாமல் ஏறுமா, அப்படியே நிற்குமா? இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி. லோன்ஸ்டீன், கார்ல்சன் என்ற இருவர் 1984-ல் 727 பிள்ளைகளின் கணக்கை வெளியிட்டார்கள். இடுப்பெலும்பின் விளிம்பில் எலும்பு படிவதை வைத்து, வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று கணிக்கும் ரிஸ்ஸர் அளவு ஒன்று உண்டு. 0-லிருந்து 5 வரை. வளர்ச்சி நிறைய பாக்கி இருக்கும் நிலையில் (0 அல்லது 1), 20 டிகிரிக்குக் கீழான வளைவுகளில் 22 சதவீதம் ஏறின. அதே நிலையில் 20-லிருந்து 29 டிகிரி என்றால் 68 சதவீதம். வளர்ச்சி முடியும் தறுவாயில் 20-க்குக் கீழே என்றால் 1.6 சதவீதம்தான். ஆக "16 டிகிரி" என்ற எண் மட்டும் பாதி விஷயம்தான். இன்னும் எவ்வளவு வளரப்போகிறாள் என்பது மீதிப் பாதி. பெண்களுக்கு உயரம் வேகமாக ஏறுவது பெரும்பாலும் வயதுக்கு வருவதற்கு முந்தைய மாதங்களில்.

இந்த 22 சதவீதத்தைத் திருப்பிப் பாருங்க. 78 சதவீதம் பேருக்கு எதுவுமே செய்யாமல் பெரிதாக ஏறவில்லை. அப்படியென்றால் யார் எந்தப் பயிற்சி கொடுத்தாலும், எண்ணெய் தடவினாலும், நாலில் மூன்று பேர் "எங்க பொண்ணுக்கு நின்னுடுச்சு" என்று சாட்சி சொல்வார்கள்! அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது ஆதாரமும் இல்லை. இன்னொரு பொறி: காப் கோணத்தை அளப்பதிலேயே 3-லிருந்து 5 டிகிரி வரை பிசகு வரும். 16 என்பது 13 ஆனால் சாக்லேட் கொடுப்பதும், 19 ஆனால் அழுவதும், எங்கள் தொழிலில் ஒரே ஒரு தடவை ஓட்டிய சோதனையை நம்புவது மாதிரி.

இனி பயிற்சிக்கு வருவோம். இது வெறும் முதுகு ஸ்ட்ரெச்சிங் இல்லை. இதன் முன்னோடி கத்தரீனா ஷ்ரோத், 1894-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்தவர். அவருக்கே ஸ்கோலியோசிஸ், சின்ன வயசில் இரும்புப் பிரேஸ் போட்டவர். உள்ளே அமுங்கிய ரப்பர் பந்தைக் காற்றடித்து மீட்பது போல, மார்புக்கூட்டின் குழிந்த பக்கத்துக்குக் குறிபார்த்து மூச்சை இழுத்தால் என்ன என்று யோசித்தார். கண்ணாடி முன் நின்று தன் மேலேயே சோதித்துப் பார்த்து, 1921-ல் மைசன் ஊரில் சிகிச்சை கொடுக்க ஆரம்பித்தார். மருத்துவப் பட்டம் கிடையாது. பின்னால் இத்தாலியிலும் வேறு நாடுகளிலும் வேறு முறைகள் வளர்ந்தன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தன் வளைவுக்கு எதிர்த்திசையில் முதுகைத் தானே நீட்டி, நகர்த்தி, முறுக்கவிழ்க்கக் குழந்தை கற்றுக்கொள்வது. பிறகு அந்த நிலையைப் பிடித்தபடியே நடப்பது, உட்கார்வது, பை தூக்குவது. வளைவு ஒவ்வொருவருக்கும் வேறு என்பதால் ஒருத்தியின் பயிற்சி அடுத்தவளுக்குப் பொருந்தாது. யூடியூபைப் பார்த்துச் செய்வதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

ஆதாரம்? நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். இத்தாலியில் மோன்டிகோனே குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு, லேசான வளைவுள்ள 110 பிள்ளைகள். சீட்டுக் குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். தானே நிமிர்த்தும் பயிற்சி செய்த குழுவுக்கு, எலும்பு வளர்ச்சி முடியும்போது சராசரி 19.3-லிருந்து 14 டிகிரிக்கு இறங்கியது. பொதுவான பிசியோதெரபி செய்த குழு 19.2-லிருந்து 20.9. துருக்கியில் குரு குழுவின் 2016 ஆய்வு சின்னது, 45 பேர், ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. ஷ்ரோத் பயிற்சியைக் கிளினிக்கில் தெரபிஸ்ட் கண்முன் செய்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது. அதையே கற்றுக்கொண்டு வீட்டில் செய்தவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களைப் போலவே ஏறியது.

இப்போது மறுபக்கம். 2012-ல் காக்ரேன் அமைப்பு உலக ஆய்வுகளைச் சலித்தபோது தேறியவை 2 மட்டுமே. ஆதாரத்தின் தரம் தாழ்ந்தது என்று எழுதினார்கள். ஸ்வீடனில் 25-லிருந்து 40 டிகிரி வரை வளைவுள்ள 135 பேரிடம் நடந்த ஆய்வு 2024-ல் வந்தது. இரவு மட்டும் பிரேஸ் போட்டவர்களில் 76 சதவீதம் பேருக்கு வளைவு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் ஏறவில்லை. சாதாரண உடல் இயக்கம் மட்டும் என்ற குழுவில் 53 சதவீதம். ஸ்கோலியோசிஸ் பயிற்சிக் குழு இந்த இரண்டாவது குழுவைவிடத் தெளிவாக மேலாக நிற்கவில்லை. அதாவது வளைவு 25-ஐத் தாண்டியபின் பயிற்சியை நம்பி பிரேஸைத் தள்ளிப்போடக்கூடாது. பிரேஸுக்கு ஆதாரம் கெட்டி: 2013-ல் அமெரிக்கா, கனடாவில் நடந்த பெரிய ஆய்வில், வளைவு 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 48.

யோகாவைப் பற்றிக் கேட்பீர்கள். பக்கவாட்டில் உடலைத் தாங்கும் வசிஷ்டாசனத்தால் வளைவு குறைந்ததாக 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. 25 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழுவும் இல்லை. செய்வதில் தப்பில்லை, அதை மட்டும் நம்பி இருக்காதீங்க.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான். பண்ணலாம். ஆனால் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் தெரபிஸ்டிடம் சிலது கேளுங்க: எக்ஸ்-ரேயைப் பார்த்து இவளுக்கென்று தனியாகத் திட்டம் போடுவீர்களா? நீங்கள் பார்க்க எத்தனை தடவை செய்யணும், வீட்டில் எவ்வளவு? எந்த அளவு ஏறினால் பிரேஸ் டாக்டரிடம் அனுப்புவீர்கள்? "முழுசா நேராக்கிடுவேன்" என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்க. ஆட்டம், நீச்சல், பரதம் எதையும் நிறுத்த வேண்டாம்.

வலியில் ராத்திரி எழுந்துகொள்வது, கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாதது, 10 வயசுக்கு முன்பே வளைவு, கீழ் முதுகில் முடிக்கொத்து, தோலில் காப்பி நிறத் திட்டுகள் — இவை இருந்தால் பயிற்சி பற்றிய பேச்சே அப்புறம். முதலில் முதுகெலும்பு மருத்துவர்.

வீட்டில் கண்காணிக்க ஒரு வழி: பிள்ளை முழங்காலை மடக்காமல், கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனியட்டும், பின்னால் நின்று பாருங்கள். போனில் சாய்வு காட்டும் ஆப் இருக்கும். போனின் அடியில் இரண்டு கட்டைவிரலையும் நடுவில் இடைவெளி விட்டு வைத்து, முதுகெலும்பு அந்த இடைவெளியில் வரும்படி மேலிருந்து கீழே நகர்த்துங்கள். எங்காவது 5-லிருந்து 7 டிகிரி சாய்வைத் தொட்டால் டாக்டரிடம் காட்டணும். இது காப் கோணம் இல்லை, முறுக்கின் அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு நிஜமாகவே பயமாக இருப்பது வேறு. "வெளியே தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணத்துக்குப் பேச்சு வரும்" என்று துப்பட்டாவைப் போட்டு மறைத்து, அடுத்த எக்ஸ்-ரேயை ஒரு வருஷம் தள்ளிப்போடுவது. அந்த ஒரு வருஷம்தான் அவள் மளமளவென்று உயரும் வருஷம். பள்ளிக்கு வரும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. குழு பார்க்கும் 30 குறைபாடுகளின் பட்டியலில் ஸ்கோலியோசிஸ் தனியாக இல்லை. ஆகவே வீட்டுக்காரர்கள்தான் தேதியை நினைவில் வைக்கணும். வளரும் வயசில் சாதாரணமாக 6 மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியைப் பின்பற்றுங்கள்.

எக்ஸ்-ரே எடுக்கும்போது முதுகுப் பக்கமிருந்து கதிர் வருகிற மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மார்புக்குப் போகும் கதிர்வீச்சு குறையும். பழைய ஃபிலிமைத் தூக்கி எறியாமல், முடிந்தால் இரண்டையும் ஒரே டாக்டரை ஒரே நாளில் அளக்கச் சொல்லுங்கள். 16-க்கும் 19-க்கும் நடுவே இருப்பது வளர்ச்சியா, பென்சில் கோடா என்று அப்போதுதான் தெரியும்.