பேட்டரியை விற்றோம், கேபிளை மறந்தோம்

"அண்ணாச்சி, நீங்க குடுத்த பேட்டரி ஆறு மாசம்கூட ஓடல. செல்ஃப் எடுக்கவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே பேட்டரியைக் கடை மேசைமீது தூக்கி வைக்கும் வாடிக்கையாளரைப் பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நம் வணிகர்கள் நன்கு அறிவார்கள். அப்படி ஒரு கடையில் நாம் உட்கார்ந்திருந்த அன்றும் ஒருவர் வந்தார். கடைக்காரர் பதற்றப்படவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தார், 12.6 வோல்ட். லோடு கொடுத்துப் பார்த்தார், இறங்கவில்லை. பேட்டரியில் குறை ஏதுமில்லை. "அப்ப மோட்டார்தான் போச்சா?" என்று வந்தவர் முகம் வாடிப் போனார். மோட்டாரும் போகவில்லை. படகில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு இழுக்கும் 2.5 சதுர மி.மீ. ஒயர். அதையும் இதே கடையில்தான் வாங்கியிருக்கிறார். படகுக்கா, வீட்டுக்கா என்று யாரும் கேட்கவில்லை.

இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் நம் வணிகத்துக்கு வரும் நஷ்டத்தையும், வாங்கிப் போகிறவருக்கு வரும் ஆபத்தையும் பற்றியே இக்கட்டுரை.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாகக் கிடக்கிறது பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு. லைட் ஹவுஸ் குப்பம், அரங்கம் குப்பம், கூனங்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களில் ஏரியில் இறால், நண்டு, மடவை பிடிப்போரும் உண்டு; முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போவோரும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றோடு மோட்டாரும், மோட்டாரோடு பேட்டரியும் நம் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

கயிறு இழுத்துக் கிளப்பும் மோட்டாருக்குப் பேட்டரி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேக்னெட்டோ உள்ள மோட்டார் பேட்டரி இல்லாமலே ஓடும். ஆனால் இன்று படகில் விளக்கு இருக்கிறது, ஜி.பி.எஸ். இருக்கிறது, வயர்லெஸ் செட் இருக்கிறது. ஆபத்தில் செய்தி அனுப்பும் ட்ரான்ஸ்பாண்டர் கருவியை 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் மத்திய அரசின் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. கருவியை உருவாக்கியது இஸ்ரோ. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று சொல்லும் அக்கரைக்காரர்கள், மற்ற நாட்களில் துணைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்! இவை எல்லாமே 12 வோல்ட்டை நம்பி நிற்பவை. போதாக்குறைக்குப் பெரிய மோட்டார் வாங்கியவர்கள் செல்ஃப் ஸ்டார்ட்டருக்குப் பழகி, கயிற்றை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள்.

முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கும். ஆழம் குறைந்த இடத்தில் மோட்டாரை நிறுத்தி மேலே தூக்கி, தாண்டியபின் இறக்கி மறுபடி கிளப்ப வேண்டும். பின்னாலிருந்து அலை வந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் செல்ஃப் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்து நின்றுவிட்டால், படகு குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலைக்குக் கவிழ்ந்துவிடக்கூடும்.

ஒயர் என்னதான் செய்துவிடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியை நீர் தெறிக்காத இடமாகப் பார்த்து மோட்டாரிலிருந்து 3 மீட்டர் தள்ளி வைக்கிறார்கள். மின்சாரம் போகவும் வரவும் சேர்த்து 6 மீட்டர். இந்தப் போக்குவரத்துக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது 100 ஆம்பியர் என்று கொள்வோம். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் அந்த 6 மீட்டரிலேயே 4 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் சுமார் 8 போய்ச் சேர்ந்தால் எந்த ஸ்டார்ட்டர் சுற்றும்? அதே இடத்தில் 25 சதுர மி.மீ. கேபிள் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. விளக்கு, ஜி.பி.எஸ். போன்றவை 5 ஆம்பியருக்குள் அடங்கும்; அவற்றுக்கு 2.5 தாராளம். ஆகவே ஒரே படகுக்கு இரண்டு விதமான ஒயர் வேண்டும். கேட்டு விற்றால் இரண்டும் விற்கும்.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. உப்புக் காற்றில் செம்பு களிம்பேறும். பார்வைக்கு மேல் உறை பளபளவென்று இருக்கும். நுனியைச் சீவிப் பார்த்தால் இழைகள் கறுத்து, பச்சை பூத்து உள்ளுக்குள்ளேயே அரை அடிக்கு அரித்திருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பிழைக் கேபிளே படகுக்கு ஏற்றது. விலை கூடத்தான். அது கட்டுப்படியாகாது என்பவருக்கு நல்ல பல இழைச் செம்புக் கேபிள் கொடுத்து, லக் அடித்து, அதன் மேல் சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு வாயை அடைத்துக் கொடுக்கலாம். முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். மேலே செம்பு முலாம், உள்ளே அலுமினியம் என்று ஒரு சரக்கு வருகிறதே, அதைக் கடலோரக் கடைகள் வாங்கவே கூடாது. செம்பை விட அதில் இழப்பும் அதிகம், உப்பில் அரிப்பும் அதிகம். நாமே ஒருமுறை ஒரு மொத்தக் கடையிலிருந்து சுத்தச் செம்பு என்று நம்பி எடுத்த சுருள்களில் கத்தி வைத்துப் பார்த்தபோது வெள்ளை தெரிந்தது. திருப்பி அனுப்பியதில் லாரி வாடகை நம் தலையில்! அன்றிலிருந்து சுருளைச் சீவிப் பார்க்காமல் பில் போட விடுவதில்லை.

இனி இணைக்கும் முறை. பிளஸ்ஸையும் மைனஸையும் ஒரு நொடி மாற்றித் தொட்டாலே ரெக்டிஃபையரிலுள்ள டயோடு போய்விடும். இருட்டில் பேட்டரி மாற்றும் தொழில் அது; ஆகவே சிவப்பு, கறுப்பு கேபிள் தவிர வேறு நிறம் கொடுக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் கேபிள் நீங்கலாக மற்ற ஒவ்வொரு இணைப்புக்கும் ஃப்யூஸ் வேண்டும். அதுவும் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். விளக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்துவிட்டு நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால், அந்த ஃப்யூஸ் வேடிக்கைதான் பார்க்கும். ஒயர் பழுத்துச் சிவக்கும். பக்கத்தில் இருப்பது எண்ணெய்க் கேன், படகோ ஃபைபர். பத்து ரூபாய்ப் பொருள் என்று நாம் அலட்சியமாக எண்ணும் ஃப்யூஸ் இதுதான்.

இன்னொரு தவறு பெரும்பாலும் மெக்கானிக்குகளே செய்வது. பல சிறு மோட்டார்களில் விளக்குக்கென்று 12 வோல்ட் 80 வாட் காயிலிலிருந்து இரண்டு கம்பி வெளியே வரும். அதில் வருவது மாறுதிசை மின்சாரம். நேரே பேட்டரியில் கட்டினால் சார்ஜ் ஏறாது. காயிலும் கெடும், பேட்டரியும் கெடும். ரெக்டிஃபையர் - ரெகுலேட்டர் ஒன்று நடுவில் வேண்டும். அது இருந்தால் மோட்டார் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் அளவில் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். கழற்றினால் மின்னழுத்தம் எகிறி ரெகுலேட்டரே போய்விடும்.

பேட்டரி வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார் பேட்டரி ஒரு மூச்சில் அதிக ஆம்பியர் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. இரவு முழுதும் அதில் விளக்கெரித்துக் காலி செய்தால் அதன் தகடுகள் விரைவில் வீணாகும். இதனால்தான் வாரண்டிச் சண்டையும் வருகிறது. விளக்குக்குத் தனியாகவும் செல்ஃபுக்குத் தனியாகவும் இரண்டு வைத்துக்கொள்ள முடிந்தவர்களிடம் அதைச் சொல்லலாம். முடியாதவர்களுக்கு எல்.இ.டி. விளக்கை எடுத்துக் கொடுக்கலாம். அமிலம் ஊற்றும் பேட்டரியை விட அடைத்த பேட்டரி மேல். கடல்நீர் அமிலத்துக்குள் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது மூச்சை அடைக்கும். பேட்டரியைப் பெட்டியில் வைத்துப் பட்டையால் இறுகக் கட்ட வேண்டும்; ஆனால் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். முனையில் வாசலின் தடவ வேண்டும். கையால் திருகும் மரை அதிர்வில் கழன்றுவிடும். ஸ்பானர் போட்டு முடுக்குவதே நல்லது.

"இவ்வளவும் சேர்த்தால் விலை எங்கே போகும், வாடிக்கையாளர் அடுத்த கடைக்கல்லவா போய்விடுவார்" என்று நம் அன்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. ஈய - அமில பேட்டரிக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது. அதில் மிஞ்சுவதே கேபிள் செலவில் ஒரு பகுதிக்கு ஆகும். அப்படியே கையில் காசு இல்லாவிட்டால்தான் என்ன? பழவேற்காட்டில் ஏரி மீன்பிடிப்புக்கு முறை வைத்து இடம் ஒதுக்கும் "பாடு" வழக்கம் இருக்கிறது. தன் முறை எப்போது வரும் என்று வாங்குகிறவருக்குத் தெரியும். அந்த ஊர்க் கடைக்காரர்களுக்கும் தெரியும். அதை வைத்துத் தவணை பேசிக்கொள்ளலாம்.

பழைய பேட்டரியைக் கழித்து எடுத்துக்கொள்வதில் நம்மில் சிலர் காட்டும் சோம்பல் நல்லதல்ல. வலைக்கு ஈயக்குண்டு வார்க்கலாம் என்று யாராவது கரையிலேயே உடைத்தால், அமிலமும் ஈயமும் போவது அந்த இறால் வளரும் ஏரிக்குத்தான். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் கடமை 2001ஆம் ஆண்டு விதிகளிலேயே விற்பனையாளர் மீது வைக்கப்பட்டது. 2022இல் வந்த புதிய விதிகள் அப்பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது ஏற்றியிருக்கின்றன என்றாலும், சரக்கு கைமாறும் இடம் நம் கடைதான்.

அன்று வந்தவர் 25 சதுர மி.மீ. கேபிளும், லக்கும், இரண்டு ஃப்யூஸும் வாங்கிப் போனார். பாதிப் பணம் கொடுத்தார். மீதி அடுத்த பாட்டுக்கு. கிளப்பும் கயிற்றையும் படகிலேயே போட்டு வையுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். கழற்றிய பழைய ஒயரை அவர் எறியவில்லை. நுனியைச் சீவி, களிம்பு தெரியும்படி மேசைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறார். பேட்டரி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டுகிறார்.