36 நாள் கொதித்தது... 35 வருஷம் ஆறியது!



பாயசம் சுடச்சுட டம்ளரில் வருகிறது. கொஞ்ச நேரத்தில் மேலே மெல்லிசாக ஆடை படிகிறது. 'ஆறிடுச்சு' என்று நினைத்து ஒரே மடக்காகக் குடிக்கிறீர்கள். ஆ... நாக்கு பொத்துப்போய்விட்டது! மேலே ஆறியிருந்தாலும் உள்ளே சூடு அப்படியேதான் இருந்திருக்கிறது.

ஒரு டம்ளர் பாயசமே இப்படி ஏமாற்றுகிறதே... ஒரு ஏரி நிறைய உருகிய கல் இருந்தால்? அது ஆற எவ்வளவு நாளாகும்?

இதைத் தெரிந்துகொள்ள, ஆடை படிந்த அந்த ஏரியின் மேலேயே ஏறி நடந்திருக்கிறார்கள் விஞ்ஞானிகள். கதையில்லை, நிஜம்!

வானம் தொட்ட நெருப்பு

பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கிறது ஹவாய் தீவு. அங்கே கிலாவேயா என்று ஒரு எரிமலை. அதன் உச்சிக்குப் பக்கத்தில் பெரிய கிண்ணம் போல ஒரு பள்ளம் உண்டு. பெயர் கிலாவேயா இக்கி. 'குட்டி கிலாவேயா' என்று அர்த்தம்.

1959 நவம்பர் 14, இரவு. அந்தப் பள்ளத்தின் சுவரில் நிலம் பிளந்தது. பிளவிலிருந்து தகதகவென்று லாவா பொங்கியது. நிற்பதும் பொங்குவதுமாக 36 நாட்கள்! ஒருமுறை லாவா ஊற்று 580 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. டில்லி குதுப் மினார் 73 மீட்டர்தான். எட்டு குதுப் மினாரை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் இந்த உயரம் வரும்!

டிசம்பர் 20-ல் எல்லாம் அடங்கியது. பள்ளத்துக்குள் 100 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் ஒரு லாவா ஏரி தேங்கி நின்றது. அதன் வெப்பம் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ். நாம் காபிக்குக் கொதிக்க வைக்கும் தண்ணீர் வெறும் 100 டிகிரிதான்.

பூமிக்குள்ளே குழம்பு கொதிக்கிறதா?

'பூமிக்குள்ளே எங்கு பார்த்தாலும் நெருப்புக் குழம்பு. ஓட்டை போட்டால் வெளியே வரும்' என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு!

நாம் நிற்கும் தரை பூமியின் மேலோடு. அதற்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது கவசம். இந்தக் கவசம் பயங்கர சூடு. ஆனாலும் அது கெட்டியான பாறைதான். எப்படித் தெரியும்? பூகம்பம் வரும்போது கிளம்பும் அலைகளில் ஒரு வகை, திரவத்துக்குள் போகவே போகாது. அந்த அலை கவசத்துக்குள் தாராளமாகப் போய்வருகிறது. அப்படியென்றால் அது கெட்டி!

அவ்வளவு சூட்டிலும் பாறை ஏன் உருகவில்லை? மேலே இருக்கும் பாறைகளின் எடை அதைப் போட்டு அழுத்துகிறது. அந்த அழுத்தம் உருக விடுவதில்லை. பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் சுமார் 120 டிகிரி வரை போனால்தான் கொதிக்கும். பாறைக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

அப்புறம் பாறைக்குழம்பு எப்படித்தான் உண்டாகிறது? மூன்று வழிகள்.

ஒன்று, அழுத்தம் குறைவது. கவசத்தின் சூடான பாறை, வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் மெதுவாக மேலே எழும். மேலே வர வர அழுத்தம் குறையும். சூடு அப்படியே இருக்கும். அப்போது பாறை தானாகவே உருகத் தொடங்கும். ஹவாயில் நடப்பது இதுதான்.

இரண்டு, தண்ணீர் சேர்வது. குல்பி விற்பவர் ஐஸ் கட்டியோடு உப்பைப் போடுவாரே, பார்த்திருக்கிறீர்களா? உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும். சூடான பாறைக்குத் தண்ணீர்தான் உப்பு! கடலடித் தரை ஒன்று இன்னொரு நிலத்துக்கு அடியில் நுழையும்போது, தண்ணீரையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகும். அங்கே பாறை உருகும். இந்தோனேசியா, ஜப்பான் எரிமலைகள் இப்படி வந்தவைதான். நம் அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு எரிமலையும் இந்த வகைதான்.

மூன்று, சூடு ஏறுவது. கீழேயிருந்து வந்த பாறைக்குழம்பு, பக்கத்துப் பாறையையும் சூடாக்கி உருக்கிவிடும்.

உருகும்போதும் பாறை முழுவதும் உருகிவிடாது. குச்சி ஐஸை உறிஞ்சினால் கலரும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும். குச்சியில் வெளுத்துப்போன ஐஸ் மிச்சம் இருக்கும். அதே மாதிரி, பாறையில் எளிதாக உருகும் பகுதி மட்டும் முதலில் பிரிந்து வரும். அதுதான் மாக்மா என்கிற பாறைக்குழம்பு. அது வெளியே வந்துவிட்டால் பெயர் லாவா.

மேலே ஏறும் வழி

சுற்றியிருக்கும் பாறையைவிடப் பாறைக்குழம்புக்கு எடை குறைவு. தண்ணீருக்கு அடியில் விட்ட எண்ணெய் மேலே வருவது மாதிரி அதுவும் மேலே வரப் பார்க்கும். விரிசல் கிடைத்தால் அதில் நுழையும். கிடைக்காவிட்டால் பாறையைப் பிளந்து வழி உண்டாக்கும். பாறை பிளக்கும்போது நிலம் அதிரும்.

1959 ஆகஸ்டில் கிலாவேயாவுக்கு அடியில் சுமார் 50 கிலோமீட்டர் ஆழத்தில் வரிசையாக அதிர்வுகள் பதிவாகின. எரிமலை ஆய்வகத்தினர் உஷாரானார்கள். வீடு கட்டும்போது கொத்தனார் ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார் அல்லவா? அதே தத்துவத்தில் இயங்கும் கருவியால் மலை உச்சியை அளந்தார்கள். பூரி உப்புவது போல மலை மெல்ல உப்பிக்கொண்டிருந்தது! உள்ளே பாறைக்குழம்பு வந்து சேர்கிறது என்று அர்த்தம். நவம்பரில் அது வெளியே வந்தேவிட்டது.

சரி, அது ஏன் 580 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்ச வேண்டும்? கோலி சோடாவைக் கேளுங்கள், சொல்லும்! கோலியை அழுத்தியதும் 'புஸ்ஸ்' என்று பொங்குகிறதே... அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் விட்டதும் குமிழியாகக் கிளம்புகிறது. பாறைக்குழம்பிலும் நீராவி, கரியமில வாயு எல்லாம் கரைந்திருக்கும். மேலே வந்ததும் குமிழிகள் விரிந்து குழம்பைத் தூக்கி அடிக்கும்.

ஏரி மேல் நடந்தவர்கள்

எரிமலை அடங்கியது. லாவா ஏரியின் மேல் கறுப்பாக ஓடு படிந்தது. பாலாடை மாதிரி, ஆனால் கல்லாலான ஆடை. அடுத்த வருஷமே, 1960-ல், விஞ்ஞானிகள் அதன் மேல் ஏறினார்கள். காலுக்குக் கீழே சில மீட்டர் கல். அதற்குக் கீழே தகிக்கும் குழம்பு. நெஞ்சு படபடக்கிறதா?

துளை போடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அது சூட்டில் கெட்டுப்போகாமல் தண்ணீர் விட்டு விட்டுத் துளைத்தார்கள். ஓட்டைத் தாண்டியதும் குழம்பு துளைக்குள் பிதுங்கி வந்தது. ஓடு எவ்வளவு தடிமன், எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு என்று குறித்துக்கொண்டார்கள். 1960, 1967, 1975, 1981 என்று பலமுறை திரும்பி வந்தார்கள். கடைசியாக 1988-ல் துளை போட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் ஓடு தடித்திருந்தது. ஆனால் தடிக்கும் வேகம் குறைந்துகொண்டே போனது. கல் சூட்டை எளிதில் கடத்தாது. ஏரியின் மேல் படிந்த ஓடே அதற்குக் கம்பளிப் போர்வை ஆகிவிட்டது! ஓடு இரண்டு மடங்கு தடிக்க வேண்டுமானால் ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் ஆகும். 1990களின் நடுவில்தான் ஏரி முழுவதும் இறுகியிருக்கும் என்பது கணக்கு. 36 நாளில் நிரம்பியது, இறுகச் சுமார் 35 வருஷம்!

இன்று அந்தத் தரையின் குறுக்கே நடைபாதை இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் நடந்து போகிறார்கள். விரிசல்களில் ஆவி மட்டும் லேசாக வந்துகொண்டிருக்கும். உள்ளே இறங்கும் மழைநீர் இன்னும் சூடாகித் திரும்பி வருகிறது.

கற்கண்டா, மிட்டாயா?

துளை போட்டு எடுத்த கல் துண்டுகள் ஒரு ரகசியம் சொல்லின. அதைப் புரிந்துகொள்ள மளிகைக் கடைக்குப் போவோம்.

கற்கண்டும் குச்சி மிட்டாயும் இருக்கின்றன. இரண்டுமே சர்க்கரைப் பாகில் செய்ததுதான். பாகை அசைக்காமல் நாள்கணக்கில் விட்டால் கட்டி கட்டியாகக் கற்கண்டு விளையும். கொதிக்கும் பாகைச் சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி மிட்டாய் கிடைக்கும். பொருள் ஒன்றுதான். வித்தியாசம், அதற்குக் கிடைத்த நேரம்!

பாறைக்குழம்பும் அப்படியே. அதற்குள் இருக்கும் கனிமங்கள் ஒன்றுசேர்ந்து படிகமாக வளர நேரம் வேண்டும். கடல் நீரிலோ காற்றிலோ பட்டுச் சட்டென்று ஆறினால் நேரமே இல்லை, கண்ணாடியாகிவிடும். சில நாட்கள் கிடைத்தால் கண்ணுக்குத் தெரியாத பொடிப் படிகங்கள் வரும். கிலாவேயா இக்கியிலும் ஏரியின் மேற்பரப்பைவிட ஆழத்தில் ஆறிய கல்லில் படிகங்கள் பெரிதாக இருந்தன.

எல்லாம் ஒரே நேரத்தில் உறைவதும் இல்லை. ஆலிவைன் என்ற பச்சைக் கனிமம் முந்திக்கொள்ளும். 1,200 டிகிரியிலிருந்து சுமார் 1,000 டிகிரிக்கு இறங்கும் வரை பாதி படிகம், பாதி குழம்பு என்று கேழ்வரகுக் கூழ் மாதிரி இருக்கும். அதன் பிறகுதான் முழுக் கல். இப்படி உருவான கல்லுக்குத் தீப்பாறை என்று பெயர். லாவாவிலிருந்து வரும் கறுப்புத் தீப்பாறை பசால்ட்.

உங்கள் வீட்டில் இருக்கிறதா?

எல்லாப் பாறைக்குழம்பும் வெளியே வருவதில்லை. பெரும்பகுதி வழியிலேயே, பல கிலோமீட்டர் ஆழத்தில் தங்கிவிடும். சுற்றிலும் பாறைப் போர்வை. ஆற லட்சக்கணக்கான வருஷங்கள்கூட ஆகும். படிகங்கள் நிதானமாகப் பெரிதாக வளரும். கிரானைட் அப்படி வந்தது. அதன்மேல் இருந்த பாறைகளை மழையும் காற்றும் ஆறும் கோடிக்கணக்கான வருஷங்கள் அரித்த பிறகுதான் அது நம் கைக்கு எட்டியது.

கடையில் கிரானைட் என்று விற்பதெல்லாம் கிரானைட் இல்லை என்பது தெரியுமா? பல வீட்டுச் சமையல் மேடைகளில், கறுப்பில் பொன் புள்ளிகள் மின்னும் ஒரு கல் இருக்கும். ஆந்திராவில் சீமகுர்த்தியில் வெட்டி எடுப்பது. அது கேப்ரோ வகை. ஹவாய் லாவாவில் இருக்கும் பொருட்கள்தான் கேப்ரோவிலும் ஏறக்குறைய இருக்கின்றன. வெளியே சீக்கிரம் ஆறினால் பசால்ட். ஆழத்தில் நிதானமாக ஆறினால் கேப்ரோ. மிட்டாயும் கற்கண்டும் போல அண்ணன், தம்பி!

தெரிஞ்சுக்கோங்க!

* எல்லோராவில் மலையையே குடைந்து செதுக்கிய கைலாசநாதர் கோயில் பசால்ட் பாறையால் ஆனது. சுமார் 6.6 கோடி வருஷங்களுக்கு முன் தக்காணத்தில் அடுக்கடுக்காகப் பரவிய லாவா அது.

* பியூமிஸ் என்ற தீப்பாறை தண்ணீரில் மிதக்கும். வாயுக் குமிழிகள் வெளியேறும் முன்பே லாவா இறுகிவிடுவதால் கல் முழுக்க ஓட்டைகள்!

* 2009-ல் ஐஸ்லாந்தில் சூடான நீராவி தேடித் துளை போட்டவர்கள், சுமார் 2.1 கிலோமீட்டர் ஆழத்தில் எதிர்பாராமல் பாறைக்குழம்பையே தொட்டுவிட்டார்கள்.

* கிலாவேயா இன்னும் ஓயவில்லை. 2024 டிசம்பரில் தொடங்கி விட்டு விட்டுப் பலமுறை லாவாவைப் பீய்ச்சியது.

என்ன குட்டீஸ், ஒரு வேலை செய்கிறீர்களா? ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சமையல் மேடை, வாசற்படி, பள்ளிக்கூடத் திண்ணை என்று ஒவ்வொரு கல்லாகப் பாருங்கள். கலர் கலராகப் பெரிய பெரிய படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தால், அது தீப்பாறையாக இருக்கலாம். அப்படியானால், அது பூமியின் வயிற்றுக்குள் அவசரமே இல்லாமல் ஆறிய கல்.

பாயசம் வந்தால் மட்டும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். நல்லவேளை, அது ஆற 35 வருஷம் ஆகாது!