பகுதியும் முழுமையும்: டெவிக் நோய் பற்றிய ஒரு குறிப்பு

கண் மங்கியவர் கண் மருத்துவரை நாடுவார். கால் வலுவிழந்தவர் நரம்பு மருத்துவரை நாடுவார். நாட்கணக்கில் விக்கலும் வாந்தியும் நீங்காதவர் வயிற்று மருத்துவரிடம் செல்வார். இம்மூவரும் ஒருவராகவே இருத்தல் கூடும் என்பது மருத்துவத்தின் தொழிற்பிரிவினையிலே சிலவேளை மறைந்துவிடுகின்றது. பார்வை நரம்பையும் முண்ணாணையும் மூளையின் சில பகுதிகளையும் தாக்கும் டெவிக் நோயின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

1894ஆம் ஆண்டிலே பிரான்சின் லியோன் நகர மருத்துவரான யூஜின் டெவிக்கும் அவர்தம் மாணவரும், பார்வை நரம்பழற்சியும் முண்ணாண் அழற்சியும் சேர்ந்து நிகழ்வதைத் தனியொரு நோயாக விவரித்தனர். எனினும், காரணம் அறியப்படாமையால், அது நெடுங்காலம் மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் ஒரு வகையாகவே பெரும்பாலும் கொள்ளப்பட்டது. 2004இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த வாண்டா லெனன் முதலியோர், யப்பானிய ஆய்வாளருடன் இணைந்து, இந்நோயாளரின் குருதியிலே தனித்துவமான பிறபொருளெதிரி ஒன்றைக் கண்டனர். அக்குவாபோரின்-4 என்னும் நீர்வழிப் புரதமே அதன் இலக்கு என்பது 2005இல் தெளிவாயிற்று. பார்வை நரம்பிலும் முண்ணாணிலும் மூளையின் வாந்தி மையத்திலும் அப்புரதம் செறிந்துள்ளது. தொடர்பற்றனவாகத் தோன்றிய குறிகள் ஒரே வேரின என்பது இவ்வாறு புலனாயிற்று.

இது வெறும் பெயராராய்ச்சி அன்று. மல்ரிப்பிள் ஸ்கிளிரோசிஸுக்கு உதவும் பீற்றா இன்ரபெரோன் இந்நோயை மோசமாக்கக்கூடும். ஒரேயொரு தாக்குதலே நிலையான குருட்டையோ முடக்கத்தையோ விட்டுச் செல்ல வல்லது. ஆதலின், தாக்குதலின்போது உயரளவு ஸ்ரெரொயிட்டும், அது போதாதவிடத்துக் குருதித் திரவவிழைய மாற்றீடும் தாமதமின்றி வேண்டப்படும். மறுதாக்குதலைத் தடுக்க, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகள் நீண்டகாலம் கொடுக்கப்படும்.

2019இல் எக்குலிசுமாப், 2020இல் இனெபிலிசுமாப், சட்ராலிசுமாப் ஆகியன இந்நோய்க்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவற்றின் விலையோ உலகின் பெரும்பாலான நோயாளருக்கு எட்டாதது. அத்தகையோர் அசதயோபிரின் போன்ற பழைய மருந்துகளையே நம்பியுள்ளனர். பல நாட்டு ஆய்வாளரும், குருதி வழங்கிய நோயாளரும் கூடி ஆக்கிய அறிவு சமூகத்தின் உழைப்பு. அதன் பயனோ சந்தையிற் பண்டமாகின்றது. சிதறிக் கிடந்த குறிகளை ஒன்றிணைத்து நோயை இனங்கண்டது விஞ்ஞானம். கண்டறிந்த மருந்தையும் அதற்கு உரியவரையும் ஒன்றிணைத்தல் விஞ்ஞானத்தால் மட்டும் முடிவதன்று. அது சமூகத்தின் கடன் என்பதே எமது கருத்தாகும்.