பேட்டன்பெர்க் மவுண்ட்பேட்டன் ஆன கதை

ஜெர்மன் சிற்றூரின் பெயர் இங்கிலாந்து அரண்மனைக்குள் நுழைந்தது எப்படி?

மவுண்ட்பேட்டன் பிரபுவின் பெயரைக் கேள்விப்படாத இந்தியர் மிகச் சிலரே. 1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, இந்தியாவின் ஆட்சியை இந்தியர் கையில் ஒப்படைத்தவர் அவர். அவர்தான் கடைசி வைசிராய்.

ஆனால், அவர் பிறந்தபோது அவருடைய குடும்பப் பெயர் மவுண்ட்பேட்டன் அல்ல. 1917-ம் ஆண்டு வரை அப்படி ஒரு குடும்பப் பெயரே கிடையாது!

அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் பேட்டன்பெர்க். அது ஒரு ஜெர்மன் பெயர். அந்தப் பெயரைத் தாங்கியிருந்த ஒரே குற்றத்துக்காக அவருடைய தந்தை பெரிய பதவியை இழந்தார். பிறகு பெயரே மாறியது. மாறிய பெயர் இங்கிலாந்தின் அரச குடும்பத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கதை இதுதான்:

மலை ஊர்

ஜெர்மானியரின் குடும்பப் பெயர்கள் பல, தொழிலைக் கொண்டு வந்தவை. "முல்லர்" என்றால் மாவு அரைப்பவர். "ஷ்மிட்" என்றால் கொல்லர். "ஷ்னைடர்" என்றால் தையற்காரர்.

நம் நாட்டில் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்ப்பது போல, ஊரைக் கொண்டு வந்த பெயர்களும் உண்டு. பிரபுக்களின் பெயர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். பேட்டன்பெர்க் அந்த வகையைச் சேர்ந்தது.

ஜெர்மனியில் ஹெஸ்ஸே என்ற பகுதி இருக்கிறது. அங்கே, ஏடர் ஆற்றின் அருகே, பேட்டன்பெர்க் என்ற சிற்றூர் உள்ளது. "பெர்க்" என்றால் ஜெர்மன் மொழியில் மலை. முன்காலத்தில் அந்த ஊரின் பெயரைக் கொண்ட பிரபுக்கள் அங்கே ஆண்டார்கள். 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய வம்சம் அற்றுப்போனது. அவர்களோடு பட்டமும் மறைந்தது.

500 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பட்டம் தூங்கிக் கிடந்தது. அதைத் தட்டி எழுப்பியது ஒரு காதல்!

தோழி மேல் காதல்

ஹெஸ்ஸே அரச குடும்பத்தில் பிறந்த இளவரசர் அலெக்சாண்டர் ருஷிய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தார். அவருடைய தங்கை மேரி, ருஷியப் பட்டத்து இளவரசரின் மனைவி.

மேரிக்கு ஒரு தோழி இருந்தாள். அவள் பெயர் ஜூலியா ஹாக்கே. ஜூலியாவின் தந்தை போலந்து நாட்டுத் தளபதி. 1830-ம் ஆண்டு வார்சா நகரில் நடந்த கலகத்தில் அவர் கொல்லப்பட்டார். ஆதரவற்ற ஜூலியா, ருஷியாவின் ஜார் மன்னருடைய பாதுகாப்பில் வளர்ந்தாள்.

அலெக்சாண்டர் ஜூலியாவைக் காதலித்தார். ஜார் மன்னருக்கு இது பிடிக்கவில்லை. ராஜகுலத்து இளவரசன் ஒரு தோழிப் பெண்ணை மணப்பதா? காதலர்கள் அஞ்சவில்லை. ருஷியாவை விட்டு ஓடினார்கள். 1851-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி பிரெஸ்லா நகரில் திருமணம் செய்துகொண்டார்கள். அலெக்சாண்டர் ருஷிய ராணுவப் பதவியை இழந்தார்.

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. ராஜகுலத்தில் பிறக்காத பெண்ணை மணந்தால், பிள்ளைகளுக்குத் தந்தையின் குலப்பெயரும் இல்லை, அரசுரிமையும் இல்லை. அந்தக் காலத்து ஜெர்மன் அரச குடும்பங்களில் இருந்த விதி அது. அப்படியானால் ஜூலியாவுக்கும் அவள் பெறப்போகும் பிள்ளைகளுக்கும் என்ன பெயர் வைப்பது?

ஹெஸ்ஸேயை ஆண்டுவந்த அலெக்சாண்டரின் அண்ணன் ஒரு வழி கண்டார். கேட்பாரற்றுக் கிடந்த பேட்டன்பெர்க் பட்டத்தை எடுத்து ஜூலியாவுக்குக் கொடுத்தார். இப்படித்தான் புதிய பேட்டன்பெர்க் குடும்பம் தோன்றியது.

நாடு நாடாகப் போன பெயர்

அலெக்சாண்டருக்கும் ஜூலியாவுக்கும் ஒரு பெண், நான்கு ஆண்கள். சொந்த மண்ணில் இந்தப் பிள்ளைகளுக்கு அரசுரிமை இல்லை. ஆகவே அதிர்ஷ்டத்தைத் தேடி வெளிநாடுகளுக்குப் போனார்கள்.

இரண்டாவது மகன் அலெக்சாண்டர் 1879-ம் ஆண்டு பல்கேரியா நாட்டின் மன்னரானார். ஏழே ஆண்டுகளில் முடியைத் துறக்க நேர்ந்தது. பிறகு ஒரு பாடகியை மணந்துகொண்டு, பேட்டன்பெர்க் பெயரை விட்டு ஹார்ட்டனா என்ற பெயரைச் சூடிக்கொண்டார்.

மூன்றாவது மகன் ஹென்றி 1885-ம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் கடைசி மகள் பீட்ரிசை மணந்தார். மகளைப் பிரிய மகாராணிக்கு மனம் இல்லை. "மாப்பிள்ளை எங்களோடுதான் இருக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டார். ஹென்றி வீட்டோடு மாப்பிள்ளை ஆனார்! இவர்களுடைய மகள் ஏனா 1906-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் ராணியானாள். 2014-ம் ஆண்டு ஸ்பெயினில் முடிசூடிய ஆறாம் பெலிப்பே மன்னருக்கு அவள் கொள்ளுப்பாட்டி.

மூத்த மகன் லூயி, 14 வயதிலேயே இங்கிலாந்துக்குப் போனார். 1868-ம் ஆண்டு அந்த நாட்டுப் பிரஜையாகி, கடற்படையில் சேர்ந்தார். நம் கதையின் நாயகர் இவரே.

"அப்போது ஜெர்மனி எங்கே இருந்தது?"

லூயி அரண்மனைச் செல்வாக்கினால் மட்டும் உயரவில்லை. கடுமையாக உழைத்தார். படிப்படியாக மேலே வந்தார். விக்டோரியா மகாராணியின் பேத்தி விக்டோரியாவை 1884-ல் மணந்தார். அவளும் ஹெஸ்ஸே குடும்பத்துப் பெண்தான்.

ஒருமுறை ஜெர்மன் கடற்படை அதிகாரி ஒருவர், "ஜெர்மானியராகப் பிறந்துவிட்டு இங்கிலாந்துக்கு வேலை செய்யலாமா?" என்று லூயியைக் குத்திக் காட்டினாராம்.

"நான் இங்கிலாந்துக் கடற்படையில் சேர்ந்த 1868-ல், ஜெர்மன் சாம்ராஜ்யம் என்று ஒன்று இருக்கவே இல்லையே!" என்று லூயி திருப்பிக் கேட்டார். உண்மைதான். சிறுசிறு நாடுகள் ஒன்றாகி ஜெர்மன் சாம்ராஜ்யம் ஏற்பட்டது 1871-ல்தான்.

1912-ம் ஆண்டு டிசம்பரில் லூயி இங்கிலாந்துக் கடற்படையின் தலைமைத் தளபதி ஆனார். உலகத்திலேயே பெரிய கடற்படை அது. அப்போது கடற்படை மந்திரி சர்ச்சில்.

1914-ம் ஆண்டு ஜூலையில் கப்பல்கள் எல்லாம் ஒத்திகைக்காக ஒன்று கூடியிருந்தன. ஒத்திகை முடிந்தது. கப்பல்கள் கலைய வேண்டிய நேரம். ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்திருந்தது. ஜூலை 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் ஊரில் இல்லை. "கப்பல்கள் கலைய வேண்டாம்" என்று லூயி உத்தரவிட்டார். ஒன்பதே நாளில், ஆகஸ்டு 4-ந் தேதி, இங்கிலாந்து போரில் குதித்தது. கடற்படை தயாராக இருந்தது!

பெயரே குற்றம்

நாட்டைத் தயார் நிலையில் வைத்தவருக்கு என்ன பரிசு கிடைத்தது? சந்தேகம்!

செப்டம்பர் 22-ந் தேதி ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல், மூன்று இங்கிலாந்துக் கப்பல்களை மூழ்கடித்தது. 1,400-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மக்கள் கொதித்தார்கள். பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது.

"கடற்படைத் தளபதியின் பெயர் பேட்டன்பெர்க். பேசும்போதே ஜெர்மன் வாடை அடிக்கிறது. அவருடைய சகலர் ஜெர்மன் கடற்படையின் தளபதி. அவர் ஒற்றராக இருந்தால்?" என்று ஊர் பேசியது. பத்திரிகைகளும் எழுதின.

சகலர் விஷயம் பொய் அல்ல. லூயியின் மைத்துனி ஐரீன், ஜெர்மன் சக்கரவர்த்தி கெய்சரின் தம்பி ஹைன்ரிக்கை மணந்திருந்தாள். அந்தத் தம்பி ஜெர்மன் கடற்படைத் தளபதி. இன்னொரு மைத்துனி அலிக்ஸ் ருஷியாவின் சக்கரவர்த்தினி. ஒரே வீட்டுப் பெண்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகள் ஒன்றோடொன்று போரிட்டன!

ஹென்றியின் மகன் மாரிஸ் பேட்டன்பெர்க் இங்கிலாந்துப் படையில் சேர்ந்து பெல்ஜியத்தில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டான். அக்டோபர் 27-ந் தேதி போர்க்களத்தில் உயிர் விட்டான். அவனுக்கு வயது 23.

மறுநாள், அக்டோபர் 28-ந் தேதி, லூயி ராஜினாமா செய்தார். தன்னுடைய பிறப்பும் குடும்பமும் கடற்படைக்கு இடைஞ்சலாக இருப்பதால் விலகுவதாகக் கடிதம் எழுதினார். தாயும் தந்தையும் மணம் செய்துகொண்ட அதே தேதி! அந்தத் திருமணத்தில் கிடைத்த பெயர், 63 ஆண்டுகள் கழித்து மகனின் பதவியைப் பறித்தது.

அண்ணன் மகன் இங்கிலாந்துக்காக உயிரைக் கொடுத்தான் என்று சொல்வதற்கில்லை. தம்பி மகன் கொடுத்தான். அப்படியும் சந்தேகம் தீரவில்லை.

லூயியின் கடைசி மகனுக்கு அப்போது வயது 14. செல்லப் பெயர் டிக்கி. கடற்படைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். தந்தை விலகிய செய்தி வந்தது. கொடிக் கம்பத்தின் அருகே தனியாக விறைப்பாக நின்ற சிறுவனின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது என்று சொல்லப்படுகிறது.

கடைகள் உடைந்தன

துன்பம் தளபதிக்கு மட்டும் அல்ல. இங்கிலாந்தில் ஜெர்மானியர் பலர் ரொட்டிக் கடையும் இறைச்சிக் கடையும் வைத்துப் பிழைத்து வந்தார்கள்.

1915-ம் ஆண்டு மே மாதம் லூசிட்டானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மானியர் மூழ்கடித்தார்கள். சுமார் 1,200 பேர் இறந்தார்கள். உடனே லண்டனிலும் லிவர்ப்பூலிலும் கூட்டம் கூட்டமாக மக்கள் புறப்பட்டார்கள். கடைப் பலகையில் ஜெர்மன் பெயர் இருந்தால் போதும். கண்ணாடி நொறுங்கியது. சரக்கு கொள்ளை போனது. ஆயிரக்கணக்கான ஜெர்மானியர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள்.

மன்னரும் பெயர் மாற்றினார்

1917-ம் ஆண்டு வெறுப்பு அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குலப்பெயரும் ஜெர்மன் பெயரே. "சாக்ஸ் கோபர்க் கோத்தா" என்பது அது. அந்த ஆண்டு ஜூன் மாதம் லண்டன் மீது குண்டு வீசி, பள்ளிக் குழந்தைகளையும் கொன்ற ஜெர்மன் விமானங்களின் பெயரும் "கோத்தா"!

மன்னர் முடிவு செய்தார். 1917-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி குலப்பெயர் "விண்ட்சர்" என்று மாறியது. விண்ட்சர் என்பது அவருடைய கோட்டை இருந்த ஊர்.

உறவினர்களும் மாற வேண்டும் என்றார் மன்னர். பேட்டன்பெர்க் குடும்பத்தார் யோசித்தார்கள். "பெர்க்" என்றால் மலை. மலைக்கு ஆங்கிலத்தில் "மவுண்ட்". அதை முன்னால் கொண்டு வந்தார்கள். மவுண்ட்பேட்டன்!

சென்னை அண்ணா சாலைக்கு முன்பு மவுண்ட் ரோடு என்று பெயர். பரங்கிமலைக்குப் போகும் சாலை அது. அந்த மவுண்ட்தான் இந்த மவுண்ட்.

இளவரசர் லூயி தம் ஜெர்மன் பட்டங்களைத் துறந்தார். மில்போர்டு ஹேவன் பிரபு ஆனார். மறு ஆண்டு அவருடைய மனைவியின் சகோதரிகளில் இருவர் ருஷியப் புரட்சியில் கொல்லப்பட்டார்கள். 1921-ம் ஆண்டு ஆகஸ்டில் கடற்படையின் மிக உயர்ந்த பட்டத்தை லூயிக்குக் கொடுத்தார்கள். செப்டம்பரில் அவர் காலமானார்.

மகன் மீட்ட பெருமை

கொடிக் கம்பத்தின் அருகே அழுத டிக்கிதான் மவுண்ட்பேட்டன் பிரபு. தந்தை இழந்த நாற்காலியில் தான் ஒரு நாள் அமர வேண்டும் என்ற வைராக்கியம் அவர் நெஞ்சில் வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில், 1943-ம் ஆண்டு, தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஆனார். இலங்கையில் கண்டிக்கு அருகே, பேராதனைப் பூந்தோட்டத்தில் அவருடைய தலைமை அலுவலகம் இயங்கியது. 1945-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் ஜப்பானியர் அவரிடம் சரண் அடைந்தார்கள்.

1947-ம் ஆண்டு மார்ச்சில் இந்தியாவின் வைசிராயாக வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1948-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி அந்தப் பதவியை அவரிடமிருந்து ஏற்றவர் நம் ராஜாஜி.

1955-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் எதிர்பார்த்த நாள் வந்தது. இங்கிலாந்துக் கடற்படையின் தலைமைத் தளபதியாக அவர் நியமிக்கப்பட்டார். தந்தை கண்கலங்க எழுந்த நாற்காலியில், 40 ஆண்டுகள் கழித்து மகன் அமர்ந்தார்!

1979-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி, அயர்லாந்துக் கடற்கரையில் படகில் சென்றபோது, ஐரிஷ் புரட்சிப் படையினர் வைத்த வெடிகுண்டுக்கு மவுண்ட்பேட்டன் பலியானார்.

அரண்மனையில் புதுப் பெயர்

பெயரின் பயணம் அதோடு முடியவில்லை. லூயியின் மகள் ஆலிஸ், கிரீஸ் நாட்டு இளவரசரை மணந்தாள். அவர்களுடைய மகன் பிலிப். 1947-ம் ஆண்டு பிலிப் இங்கிலாந்துப் பிரஜையானபோது, தாய்வீட்டுப் பெயரான மவுண்ட்பேட்டனைத் தம் பெயராக ஏற்றார். அதே ஆண்டு நவம்பரில் இளவரசி எலிசபெத்தை மணந்தார்.

எலிசபெத் ராணியானதும், பிள்ளைகளுக்கு எந்தப் பெயர் என்ற தகராறு எழுந்தது. விண்ட்சர் பெயரே நீடிக்கும் என்று 1952-ல் அறிவித்தார்கள். "என் பிள்ளைகளுக்கு என் பெயர் இல்லையா?" என்று பிலிப் மனம் நொந்தார். 1960-ம் ஆண்டு பிப்ரவரியில் ராணி ஒரு சமரசம் செய்தார். இளவரசர் பட்டம் இல்லாத வாரிசுகளுக்கு "மவுண்ட்பேட்டன்-விண்ட்சர்" என்பது குடும்பப் பெயர் ஆயிற்று. 2019-ல் பிறந்த ராணியின் கொள்ளுப்பேரன் ஆர்ச்சிக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.

அந்த இரண்டு பெயர்களுமே, ஜெர்மன் பெயரை மறைக்க 1917-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் சூட்டப்பட்டவை!

பேட்டன்பெர்க் என்ற பழைய பெயரும் இங்கிலாந்தில் அழிந்துவிடவில்லை. ரோஜா நிறமும் மஞ்சள் நிறமும் கட்டம் கட்டமாக அமைந்த ஒரு கேக்குக்கு அந்தப் பெயர். தளபதியின் பெயரைப் பொறுக்காத நாட்டில், அந்தப் பெயருள்ள பலகாரத்தை மக்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

பெயர் மாறியதால் லூயியின் ரத்தம் மாறவில்லை. மாறுவதற்கு முன்பும் அவருடைய விசுவாசத்தில் குறை இல்லை. ஒருவர் எந்த நாட்டுக்கு உரியவர் என்பதைப் பெயர்ப் பலகை சொல்லாது. அவர் செய்த வேலைதான் சொல்லும்.