மூலமும் உடைமையும் : கறுப்பினக் கலை பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வெகுமக்கள் பண்பாட்டிற்குக் கறுப்பின மக்கள் அளித்த கொடை பெரிது என்பதை இன்று மறுப்பார் இலர். ப்ளூஸ், ஜாஸ், காஸ்பல், ராக் அண்டு ரோல், ஹிப்ஹாப் என வழங்கும் இசைவகைகள் பெரிதும் அவர்தம் வாழ்விலிருந்து கிளைத்தவை. நடனம், மேடை நகைச்சுவை, உடை, பேச்சுவழக்கு ஆகியவற்றிலும் அவர்தம் செல்வாக்கு ஆழ்ந்து பரந்துள்ளது. எனினும் இக்கொடை நீரிற் கரைந்த உப்பைப் போன்றது. சுவைப்பவர்க்கு அதன் இருப்புத் தெரியும். தனியே எடுத்துக் காட்டுக எனின் கைக்கு அகப்படாது. இதனைக் கண்ணுக்கும் செவிக்கும் புலனாகுமாறு பிரித்துக் காட்ட முற்படுவனவே கறுப்பினக் கலையைப் போற்றும் தொலைக்காட்சி ஆவணப்படத் தொடர்கள். அவை எவ்வாறு உருவாகின்றன, எங்கே இடர்ப்படுகின்றன என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். அவ்விடர்ப்பாடு பெரும்பாலும் கலைத்திறன் குறைவால் நேர்வதன்று. சான்று யாருடைய உடைமை என்னும் வினாவால் நேர்வது என்பது எம் கருத்து.

முதற்கண் தொலைக்காட்சியின் பழைய நிலையைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1956ஆம் ஆண்டு நவம்பரில் என்.பி.சி. நிறுவனம் பாடகர் நாட் கிங் கோல் பெயரால் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. கோலின் இசைத்தட்டுகளை விரும்பி வாங்கியவருள் வெள்ளையர் மிகப் பலர். ஆயினும் நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவரும் அந்நிகழ்ச்சிக்கு முன்வரவில்லை. 1957 டிசம்பரில் அது நின்றது. குரலை ஏற்ற சந்தை, அக்குரலுக்குரியவர் வீட்டுக் கூடத்தில் விருந்தோம்புநராகத் தோன்றுவதை ஏற்கவில்லை.

1967ஆம் ஆண்டு நகர்ப்புறக் கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் குழு, செய்தித்துறை வெள்ளையர் நிலையில் நின்றே உலகைக் காண்கிறது என 1968இல் குறை கூறிற்று. அவ்வாண்டு ஜூனில் கல்வித் தொலைக்காட்சியில் ‘பிளாக் ஜர்னல்’ என்னும் திங்கள் நிகழ்ச்சி தோன்றியது. கறுப்பின மக்களுக்காக என்று விளம்பப்பட்ட அதன் தலைமைத் தயாரிப்பாளர் வெள்ளையராகவே இருந்தார். இரு திங்களுள் கறுப்பினப் பணியாளர் பலர் வேலையை நிறுத்தி வெளியேறினர். அதன் பின்னரே வில்லியம் கிரீவ்ஸ் தலைமைத் தயாரிப்பாளர் ஆனார். யார் பேசப்படுகிறார் என்பதும் யார் பேசுகிறார் என்பதும் வேறு வேறு என்பதைத் தொலைக்காட்சி இவ்வாறு போராட்டத்தின் வழியாகவே அறிந்துகொண்டது.

இனிச் சான்று பற்றிய சிக்கலுக்கு வருவோம். செல்வாக்கு என்பது ஒரு பொருளன்று. இரு பொருள்களுக்கு இடையே உள்ள தொடர்பு. அதனைக் காட்ட மூலத்தையும் வழிவந்ததையும் அடுத்தடுத்து வைத்தல் வேண்டும். லிட்டில் ரிச்சர்டு 1955இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பதிவு செய்த ‘டூட்டி ஃபுரூட்டி’ என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். வெள்ளையராகிய பாட் பூன் அதனையே பாடி வெளியிட்டார். பொது விற்பனைப் பட்டியலில் மூலப் பாடல் 17ஆம் இடத்தையும் பூன் பாடியது 12ஆம் இடத்தையும் எட்டின. இச்செய்தியை எழுத்தில் கூற ஒரு வாக்கியம் போதும். ஆனால் இரண்டையும் செவியால் கேட்டாலன்றிச் செய்தியின் உயிர் விளங்காது. முன்னதில் குரல் தாளத்தை முந்திச் செல்கிறது. பின்னதில் அடங்கி ஒழுங்குபட்டு நிற்கிறது.

உரையாசிரியர் ஒருவர் ஓரடி முன்னோர் நூலினின்றும் எடுத்தாளப்பட்டது எனக் காட்ட விரும்பின், இரண்டையும் எழுதி ஒப்பிட்டு மேற்செல்வார். எவரிடமும் இசைவு வேண்டார். தொலைக்காட்சித் தயாரிப்பாளர்க்கு அவ்வுரிமை எளிதிற் கிட்டுவதன்று. ஒரு பாடலுக்குள்ளேயே இரண்டு உரிமைகள் உள்ளன. பாட்டின் இயற்றலுக்கு உரிமையுடையவர் இசை வெளியீட்டாளர். ஒலிப்பதிவுக்கு உரிமையுடையவர் இசைத்தட்டு நிறுவனத்தார். பாடகர் மேடையில் தோன்றும் காட்சியைக் காட்டின், அப்படச்சுருளுக்கு உடையவர் மூன்றாமவர். இவர் மூவருள் பாடியவர் இடம்பெறாமலே போதலும் உண்டு. உரிமமோ இத்துணை ஆண்டு, இன்ன நாடு, இன்ன வகை ஒளிபரப்பு என எல்லை வகுத்து வழங்கப்படுவது. எல்லை விரியின் விலை ஏறும். பொருள் குறைந்த தயாரிப்பாளர் குறுகிய எல்லையையே வாங்குவர். அக்காலம் கழிந்தபின் தொடர் நிறைவுற்ற நிலையிலேயே வாய் மூடிக்கொள்ளும்.

இது கற்பனையன்று. ஹென்றி ஹாம்ப்டனின் தொடருக்கு நேர்ந்தது இதுவே. செயின்ட் லூயி நகரில் 1940இல் பிறந்த ஹாம்ப்டன், 1965இல் செல்மா நகர அறப்போரில் கலந்துகொண்டவர். 1968இல் பாஸ்டன் நகரில் ‘பிளாக்சைடு’ என்னும் பட நிறுவனத்தை நிறுவினார். அந்நிறுவனம் எடுத்த ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ என்னும் குடியுரிமைப் போராட்ட வரலாற்றுத் தொடர் 1987இல் ஆறு பகுதிகளாகவும், 1990இல் மேலும் எட்டுப் பகுதிகளாகவும் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. இது அரசியல் வரலாறாயினும், கறுப்பினக் கலை வரலாற்றுத் தொடர்களுக்கு முறையியலை வகுத்துத் தந்தது இதுவேயாதலின் இங்கு விரிவாகக் கூறத் தகும்.

ஹாம்ப்டன் படப்பிடிப்புத் தொடங்குமுன் அறிஞர்களையும் போராட்டத்தில் பங்குகொண்டோரையும் அழைத்துத் தயாரிப்புக் குழுவினர்க்குப் பல நாள் வகுப்புகள் நடத்தினார். அறிஞர்கள் திரைக்குப் பின்னிருந்து திருத்தினர். திரையில் பேசியோர் நிகழ்ச்சியை நேரிற் கண்டவரும் அதில் ஈடுபட்டவருமே. இக்கட்டுப்பாட்டால் தொடருக்கு வந்த வலிமை பெரிது. பிற்காலத்துப் புகழ்த்தொடர்கள் பலவற்றில், நிகழ்ச்சியொடு தொடர்பில்லாப் புகழ்வாய்ந்தோர் தோன்றி வியப்புரைகளை வழங்கி மறைவதை ஒப்பிட்டு நோக்குவார்க்கு இதன் அருமை புலனாகும். வியப்பு சான்றாகாது.

அத்தொடரில் 80க்கு மேற்பட்ட காப்பகங்களின் படச்சுருள்களும், ஏறத்தாழ 275 ஒளிப்படங்களும், ஏறத்தாழ 120 பாடல்களும் இடம்பெற்றன. நிதி குறைந்தமையால் பலவற்றுக்குச் சில்லாண்டு உரிமமே பெற்றிருந்தனர். 1990களின் நடுவில் அவை காலாவதியாயின. மறு ஒளிபரப்பும் புதிய படிகளின் விற்பனையும் நின்றன. பள்ளிகளும் நூலகங்களும் தேய்ந்த பழைய நாடாக்களைக் காத்துவைத்து மாணாக்கர்க்குக் காட்டின. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளில் உடனிருந்தோர் வாழ்த்துப் பாடும் சிறு காட்சி ஒன்றுண்டு. நாடெங்கும் குழந்தைகள் பாடும் அவ்வாழ்த்துப் பாட்டுக்கும் அக்காலத்தில் உரிமம் பெற வேண்டியிருந்தது. ஹாம்ப்டன் 1998இல் மறைந்தார். ஃபோர்டு அறக்கட்டளை முதலியோர் அளித்த நிதியால் உரிமங்கள் புதுப்பிக்கப்பெற்று, 2006இல்தான் தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. ஒரு மக்கள் தம் போராட்டத்தைத் தாமே மீண்டும் காண விலை கொடுக்க நேர்ந்தது. அவ்விலையின் பெரும்பகுதி போராடினவர்க்குச் சென்றதுமன்று.

இதனால் உரிமைச் சட்டமே தீது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. சட்டத்தின் காப்பின்றி வறியவராய் இறந்தோரும் அம்மக்களுள் உளர். ‘வின்ஸ்டன்ஸ்’ என்னும் குழுவினர் 1969இல் வெளியிட்ட ‘ஏமன் பிரதர்’ என்னும் இசைப்பதிவில், மற்றைக் கருவிகள் ஒடுங்க, கிரிகரி கோல்மன் தனியே முழக்கும் தாளம் சில நொடியளவே வரும். 1980களில் ஹிப்ஹாப் கலைஞரும், 1990களில் பிரிட்டனின் நடன இசையினரும் அச்சிறு துண்டை ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டிக்கொண்டனர். கோல்மன் அதனால் ஒரு காசும் பெறாமல் 2006இல் வறுமையில் மறைந்தார். குழுத்தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கு 2015இல் இசை அன்பர் நிதி திரட்டி அளித்தனர். அது கொடையேயன்றி உரிமைப் பங்கன்று. சட்டம் மூலத்தோர்க்கு உதவாமல் இடையில் உள்ளோர்க்கே உதவியது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

விளக்கத்திற்காகச் சிறு பகுதியை எடுத்துக் காட்டுதற்கு அமெரிக்கச் சட்டம் ஓரளவு இடந்தருகிறது. ஆயினும் வழக்குக்கு அஞ்சிய ஒளிபரப்பாளரும் காப்பீட்டாளரும் நெடுங்காலம் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. 2005இல் ஆவணப்படக் கலைஞர் அமைப்புகள் கூடி, எவ்வளவு எடுத்தாளலாம், எந்நோக்கிற்கு எடுத்தாளலாம் என ஒரு நெறியுரையை வெளியிட்டன. அதன்பின் காப்பீட்டாளரும் இணங்கலாயினர். இந்நெறியுரையின் சாரம் தமிழ் உரைமரபினர்க்குப் புதிதன்று: மேற்கோள் கருத்தை நிறுவ வேண்டுமேயன்றி அழகுக்காக நிற்றல் கூடாது.

உடைமை ஒருபுறம் இருக்க, சான்று அழியாமல் எஞ்சுதலும் அரிது. ஒளிநாடா விலை மிகுந்த காலத்தில் ஒளிபரப்பு நிறுவனங்கள் பழைய பதிவை அழித்து அந்நாடாவிலேயே புதியதைப் பதிந்துவந்தன. 1969ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் நிகழ்ந்த பண்பாட்டு விழா எஞ்சியது ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தால். மவுண்ட் மாரிஸ் பூங்காவில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெற்ற அவ்விழாவில் ஸ்டீவி ஒண்டர், நீனா சிமோன், மஹாலியா ஜாக்சன் முதலியோர் பாடினர். ஹால் டல்சின் ஏறத்தாழ 40 மணி நேரக் காட்சிகளைப் பதிவு செய்தார். விளக்கு வசதிக்குப் பணமின்மையால், வெயிலொளி விழுமாறு மேடை மேற்கு நோக்கி அமைக்கப்பட்டது. அவ்வாண்டே சிறு பகுதிகள் தொலைக்காட்சியில் வந்தன. ஆதலின் அது முற்றும் காணாமற்போனது என விளம்பரத்தார் கூறுவது மிகையாகும். ஆயினும் முழுப்பதிவை வாங்குவார் இலர். அதே கோடையில் அதே மாநிலத்தில் நிகழ்ந்த உட்ஸ்டாக் விழா மறு ஆண்டே திரைப்படமாகி உலகெங்கும் ஓடிற்று. ஹார்லம் நாடாக்கள் அரை நூற்றாண்டு முடங்கிக் கிடந்தன. 2017இல் டல்சின் மறைந்தார். இசைக்கலைஞர் குவெஸ்ட்லவ் அவற்றைத் தொகுத்து 2021இல் வெளியிட்ட ‘சம்மர் ஆஃப் சோல்’ மறு ஆண்டு ஆஸ்கார் விருது பெற்றது. அது தொடரன்று, தனிப்படம். எனினும் சிறுவனாய் அவ்விழாவிற்குச் சென்ற ஒருவர்க்குப் பதிவைக் காட்டி, தம் நினைவு மெய்யே என அவர் கண்ணீருடன் தெளியும் காட்சியை அதில் வைத்தமை எத்தொடருக்கும் பாடமாகும்.

போற்றுதலை நோக்கமாகக் கொண்ட தொடர் மற்றொரு கடினமான இடத்தையும் கடத்தல் வேண்டும். வெள்ளையர் முகத்தில் கரிபூசிக் கறுப்பரை எள்ளி நடித்த ‘மின்ஸ்ட்ரல்’ ஆட்டமே அமெரிக்காவில் நாடெங்கும் பரவிய முதல் வெகுமக்கட் கலை. 1830ஐ ஒட்டித் தாமஸ் ரைஸ் ஆடிய ‘ஜிம் குரோ’ ஆட்டத்தின் பெயரே பின்னர் இனப்பிரிவினைச் சட்டங்களுக்குப் பெயராயிற்று. ஆகவே செல்வாக்கு முதன்முதல் வெளிப்பட்டது எள்ளல் வடிவில். இதனை விடுத்துப் புகழ்பாடும் தொடர், வேரை வெட்டி மலரைக் காட்டுவது போலாம். மார்லன் ரிக்ஸ் 1980களில் எடுத்த ‘எத்னிக் நோஷன்ஸ்’ அவ்வெள்ளல் உருவங்களையே பொருளாகக் கொண்டு அவற்றின் வரலாற்றை அஞ்சாது விளக்கிற்று.

கறுப்பராகிய பெர்ட் வில்லியம்ஸின் நிலை இதனினும் நுட்பமானது. 1903இல் பிராட்வேயில் ‘இன் டஹோமி’ என்னும் இசைநாடகத்தில் வெற்றி கண்ட அவர், தாமும் முகத்திற் கரி பூசியே நடித்தார். அவர் நடித்து 1913இல் எடுக்கப்பட்டு முற்றுப்பெறாமல் விடப்பட்ட படம் ஒன்றின் சுருள்கள் நியூயார்க் தற்காலக் கலைக்கூடத்தில் இருந்தன. அவை ஒழுங்குபடுத்தப்பெற்று 2014இல்தான் பொதுமக்களுக்குக் காட்டப்பெற்றன. அதில் வில்லியம்ஸ் கரிமுகத்தராய்த் தோன்ற, சூழ உள்ள கறுப்பின நடிகர் இயல்பான முகத்தோடு ஆடியும் காதலித்தும் மகிழ்கின்றனர். எள்ளலும் பெருமிதமும் ஒரே சட்டகத்தில் நிற்கும் இச்சான்றை எந்த வியப்புரையும் ஈடுசெய்யாது.

காலப்பகிர்வும் ஒரு திறனாய்வே. கென் பர்ன்ஸ் 2001இல் வெளியிட்ட ‘ஜாஸ்’ தொடர் பத்துப் பகுதிகளை உடையது. ஆம்ஸ்ட்ராங், எலிங்டன் இருவரையும் விரிவாகப் போற்றிய அத்தொடர், 1961க்குப் பிற்பட்ட நாற்பதாண்டுகளை இறுதிப் பகுதி ஒன்றிலேயே அடக்கிற்று. வாழ்ந்துகொண்டிருந்த கலைஞர் பலர் இதனைக் குறை கூறினர். அக்குறை நேரியதே என்பது எம் கருத்து. இறந்தகாலத்தைப் போற்றுதல் எளிது. அங்கே மதிப்பீடு முடிந்துவிட்டது.

பிளாக்சைடு நிறுவனம் கலைகளையே பொருளாகக் கொண்டு எடுத்த ‘எனக்கோர் உலகம் சமைப்பேன்’ என்னும் பொருள்படும் ஆறு பகுதித் தொடர், ஹாம்ப்டன் மறைந்த பின்னர் 1999இல் ஒளிபரப்பாயிற்று. தலைப்பு ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதையொன்றைத் தழுவியது. இருபதாம் நூற்றாண்டுக் கறுப்பினக் கலை முழுமையையும் அடக்க முயன்ற அத்தொடரில், ஒவ்வொரு கலைஞர்க்கும் கிடைத்த நேரம் சில நிமிடமே. ஆயினும் ஒளிபரப்பானது தொகுப்பின் ஒரு சிறு பகுதி. ஹாம்ப்டன் நிறுவனத்தின் சுருள்களும் ஆய்வுக் குறிப்புகளும் செயின்ட் லூயியிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றன. ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ தொடருக்காக எடுத்த நேர்காணல்களின் முழுப் படிகளை அப்பல்கலைக்கழகம் ஆய்வாளர்க்குத் திறந்து வைத்துள்ளது. திரையில் வந்த வாக்கியத்தையும் அதற்கு முன்னும் பின்னும் அவர் கூறி வெட்டப்பட்டதையும் இன்று ஒருவர் அருகருகே வைத்துப் படித்தல் இயலும்.